நீரின்மேல் ஓடும் பலகை

திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் ஆழத்தைப் பற்றியே எழுதினார்கள். பாரிய போர்க்கப்பல்களும் தரைதட்டும் அச்சமின்றி நங்கூரமிடக்கூடிய நீர்நிலை அது. ஆதலால் போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், 1782இல் பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் வைத்திருந்தனர், 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர், 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஆழத்தை நாடி வந்த கப்பல்களின் வரலாறு இவ்வாறு செல்லும். ஆனால், அதே நீரின் மேற்பரப்பை மாத்திரம் நாடிய பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. கட்டுமரம், கடல்விமானம், நீர்ச்சறுக்குப் பலகை ஆகிய மூன்றும் அந்த வரலாற்றில் வருவன. நீர் எத்துணை ஆழம் என்பதிலும், நீரின் முகம் எவ்வாறு இருக்கிறது என்பதே இவற்றுக்கு முதன்மையான கேள்வி. பட்டறையில் எவ்வளவு கருத்தோடு செய்தாலும், நீரில் விட்டுப் பார்த்துத் திருத்திய பின்னரே இவற்றின் வடிவம் முடிவாகிறது. இது மூன்றுக்கும் பொதுவானதொரு விதி.

கட்டுமரத்திலிருந்து தொடங்குவது முறை. தெப்பம் என்றும் அதனை வழங்குவர். தணக்கு போன்ற பாரமற்ற மரங்களைச் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழ்ந்திருக்கவும், முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கவும் அமைத்து, தும்புக்கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். ஆணி என்பது அதில் இல்லை. கடலால் திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர விடுவதும் வழக்கம்; நீர் ஊறிய மரம் கனத்துப் போகும், கனத்த மரம் மிதக்கும் ஆற்றலை இழக்கும். இவ்வழக்கத்தை வறியவரின் சிக்கனம் என்று எண்ணிக் கடந்து செல்வோர் உண்டு. அது சரியான கணிப்பன்று. அவிழ்த்துக் கட்டப்படும் ஒரு கலம் ஒவ்வொரு நாளும் திருத்தப்படக்கூடிய கலமாகும். நேற்றைய பயணத்தில் முன்முனை அலைக்குள் மூழ்கியதா, ஒரு பக்கமாக இழுத்துச் சென்றதா என்பதை அறிந்தவன், இன்று கட்டும்போது ஒரு மரத்தைச் சற்றுப் பின்னே தள்ளியோ, வாய்ச்சியால் ஒரு விரற்கடை செதுக்கியோ அதனைச் சரிப்படுத்த முடியும். ஆணியும் கீலும் கொண்டு முடிக்கப்பட்ட தோணியில் அந்த வசதி இல்லை.

அந்தப் பெயரே கட்டினால் வந்த பெயர். ஆங்கிலேயர் அதனைக் ‘கற்றமறான்’ என்று எடுத்துச் சென்றனர். வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலிலே அச்சொல் வந்துவிட்டது. இன்று மேலைநாடுகளில் அச்சொல் இரண்டு உடல்கள் கொண்ட பாய்க்கப்பலைக் குறிக்கின்றது. கட்டும் இல்லை, மரமும் இல்லை. பெயர் மாத்திரம் தங்கிவிட்டது.

கட்டுமரம் மிதக்கும் கலமே, ஓடும் பலகையன்று. ஆயினும், கரைக்குத் திரும்பும்போது உயர்ந்தெழுந்த அலையின் முதுகில் அது ஏறிக்கொள்ளும் சில கணங்களில், மிதப்பதை விட்டு நீரின்மேல் வழுக்கி ஓடத் தொடங்குகிறது. அந்தச் சில கணங்களில் நிகழ்வதுதான் இக்கட்டுரையின் பொருள்.

மெதுவாகச் செல்லும் கலத்தைத் தாங்குவது, அது ஒதுக்கிய நீரின் எடை. விரைந்து செல்லும் தட்டையான பரப்பைத் தாங்குவதோ, அது கீழ்நோக்கித் தள்ளிய நீரின் எதிர்த்தாக்கு. வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தாங்குவிசை நான்கு மடங்காகும். குளத்தின்மேல் எறிந்த ஓட்டுச்சில்லு தத்திச் செல்வதைப் பார்த்த சிறுவர் யாவருக்கும் இது தெரிந்ததே. எனினும், இதனைக் கொண்டு கப்பல் செய்யலாம் என்று துணிந்து சொன்னவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த சார்ல்ஸ் மீட் ரேமஸ் என்பவர், அடித்தளத்தில் ஆப்புப்போன்ற சரிவுகள் கொண்ட கப்பலைச் செய்தால் அது நீரின்மேல் எழுந்து ஓடும் என 1872இல் கடற்படை அமைச்சுக்கு எழுதினார். அதே ஆண்டில் டோர்க்கி நகரில் மாதிரிக் கப்பல்களைச் சோதிக்கும் நீர்த்தொட்டியை அமைத்திருந்த வில்லியம் புரூட் அந்த யோசனையை ஆராய்ந்தார். தத்துவம் பிழையன்று; ஆனால் அக்காலத்து நீராவி இயந்திரங்களின் பாரத்துக்கு அவை தரும் வலு போதாது என்பது அவர் கண்ட முடிவு. பாதிரியார் நாற்பது ஆண்டுகள் முந்திப் பிறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

பெற்றோல் இயந்திரம் வந்த பின் நிலைமை மாறியது. 1912ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கரான கிளென் கர்ட்டிஸ், ஹமண்ட்ஸ்போர்ட் என்னும் ஏரிக்கரை ஊரில், படகுபோன்ற உடல் கொண்ட விமானம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அது நீரில் விரைந்து ஓடியது, எழ மறுத்தது. எவ்வளவு விசை கொடுத்தும் நீர் அதனை விடவில்லை. கர்ட்டிஸ் ஒரு மோட்டார்ப் படகில் ஏறி, விமானத்தின் பக்கமாகவே ஓடி, அதன் அடிப்பாகத்தை உற்று நோக்கினார். நீர் அடித்தளத்தோடு ஒட்டிக்கொண்டு பின்பகுதியை இழுத்துப் பிடித்திருப்பதைக் கண்டார். மரத்துண்டுகளைச் செதுக்கி அடித்தளத்தின் நடுவே பொருத்தி, ஒரு படியை உண்டாக்கினார். படியின் பின்னே காற்றுப் புகுந்தது; நீரின் பிடி விட்டது; விமானம் எழுந்தது. அதன்பின் உலகெங்கும் கட்டப்பட்ட படகு விமானங்கள் அந்தப் படியையே பின்பற்றின.

அத்தகைய படியுள்ள விமானங்களைத் திருக்கோணமலை மக்கள் நன்கு அறிவர். இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அதே நாளில் விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மீஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. சில மாதங்களின் பின், அதே ஆண்டு ஆகஸ்டில், சாவகத்திலிருந்து தப்பிவந்த ஒல்லாந்தக் கடற்படை விமானிகளைக் கொண்ட 321ஆம் அணி சீனன்குடாவில் அமைக்கப்பட்டது. அவர்கள் ஓட்டியவை கற்றலீனா என்னும் படகு விமானங்கள். நூற்று நான்கு அடி அகலமான இறக்கை. முழுச் சுமையோடு பதினாறு தொன் அளவான எடை. நீர்மூழ்கிகளைத் தேடி இந்துசமுத்திரத்தின்மேல் நாள்முழுதும் பறப்பதற்கான எரிபொருளைச் சுமந்துகொண்டு அவை நீரிலிருந்து எழ வேண்டும்.

இங்கே ஒரு புதுமையான இடர் உண்டு. கொந்தளிக்கும் கடலில் படகு விமானம் எழுவது கடினம் என்பதை எவரும் ஊகிப்பர். கண்ணாடிபோல் அசைவற்ற நீரிலும் அது கடினமே என்பதை ஊகிப்பவர் சிலரே. சிற்றலை இருந்தால் அடித்தளத்துக்கும் நீருக்கும் இடையே காற்றுப் புகுந்து ஒட்டுதலைக் குறைக்கும். அலையே இல்லாதபோது நீர் உடலை விடாது பற்றிக்கொள்ளும். அத்தகைய வேளைகளில் ஒரு விசைப்படகை முன்னே ஓடவிட்டு, அதன் அலைகளால் நீர்முகத்தைக் கலக்கிவிட்டு, அதன்மேல் விமானத்தை ஓட்டி எழுப்புவது படகு விமானிகளிடையே அறியப்பட்ட உபாயம். இறங்கும்போதும் அப்படியே: கண்ணாடி நீரில் உயரத்தை மதிப்பிடக் கண்ணுக்கு ஒரு பிடியும் இல்லை. குன்றுகள் காற்றைத் தடுக்கும் உட்துறை கப்பலுக்கு வரம். பாரமேற்றிய படகு விமானத்துக்கு அது எப்போதும் வரமன்று.

அந்தக் கண்ணாடி நீரையே தேடி அலையும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் நீர்ச்சறுக்குப் பலகை.

அதன் பிறப்பிடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியின் கரையிலுள்ள லேக் சிற்றி என்னும் சிற்றூர். பனிமேல் சறுக்கலாம் என்றால் நீர்மேல் ஏன் சறுக்கலாகாது என்று கேட்ட ரால்ப் சாமுவேல்சன் என்னும் இளைஞர், 1922ஆம் ஆண்டுக் கோடையில் முதலிற் பீப்பாய்ப் பலகைகளைக் காலிற் கட்டிப் பார்த்தார். அவை தாங்கவில்லை. பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிப் பார்த்தார். அவை குறுகலானவை, மூழ்கின. பின்னர் எட்டடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் உள்ள இரண்டு பைன் பலகைகளை வாங்கினார். தாயாரின் செப்புக் கொப்பரையில் கொதிநீரில் முனைகளை வேகவைத்து இளக்கி, இறுக்கிப் பிடித்து மேல்நோக்கி வளைத்தார். நடுவே தோல்வார். நூறடிக் கயிறு. கைப்பிடியாக ஓர் இரும்பு வளையம். தமையனார் பென் படகைச் செலுத்தினார்.

அப்பொழுதும் வெற்றி கிட்டவில்லை. பலகைகளை நீரோடு மட்டமாகவோ முனை தாழ்ந்தோ வைத்துப் புறப்பட்டபோதெல்லாம் அவர் விழுந்தார். யூலை 2ஆம் நாள், தம் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள், உடலைப் பின்னே சாய்த்து, பலகைகளின் முனைகளை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு புறப்பட்டார். பலகைகள் எழுந்தன. கட்டுமரத்தின் முன்முனை ஏன் வளைந்திருக்கிறது என்பதை அறிந்த ஒரு கடற்றொழிலாளி பெப்பின் ஏரிக்கரையில் நின்றிருந்தால் சாமுவேல்சனுக்குச் சில நாள் மிச்சமாகியிருக்கலாம்.

1925இல் அவர் கொழுப்புப் பூசிய சாய்தளத்தின்மேல் ஏறித் தாவினார். அதே ஆண்டில் ஒரு படகு விமானத்தின் பின்னால் கயிறு கட்டி மணிக்கு 80 மைல் அளவான வேகத்திற் சறுக்கினார். அந்த விமானம் கர்ட்டிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. நீரின் பிடியை விடுவிக்கும் படியைக் கண்டவரின் விமானமும், நீரின்மேல் எழும் பலகையைக் கண்டவரும் இவ்வாறு ஒரே கயிற்றில் இணைந்தது வரலாற்றின் ஓர் அழகான தற்செயல். சாமுவேல்சன் தம் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பத்திரம் பெறவில்லை. பெற்றவர் பிரெட் வாலர், 1925இல். பிற்காலத்தில் சினராமா என்னும் அகலத்திரைப் படமுறையைக் கண்டவரும் அவரே. சாமுவேல்சனை உலகம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மறந்திருந்தது. 1963இல் ஒரு பத்திரிகையாளர் லேக் சிற்றியில் அவருடைய பழைய பலகைகளைக் கண்டு எழுதிய பின்னரே உண்மை வெளிவந்தது. 1966இல் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் அவரை அக்கலையின் தந்தையென ஏற்றது. கட்டுமரத்தைத் திருத்தித் திருத்தி அமைத்தவர்களுக்கு அந்த நாற்பது ஆண்டுக்குப் பிந்திய அங்கீகாரமும் இல்லை. அவர்களின் பெயர் ஒன்றுகூட எஞ்சவில்லை.

சாமுவேல்சனின் இரு பலகைகளும் சேர்ந்து பன்னிரண்டு சதுர அடி. அவருடைய படகு மணிக்கு இருபது மைலை எட்டாதது. ஆதலால் அத்துணைப் பரப்பு வேண்டியிருந்தது. படகுகள் வேகம் பெறப் பெறப் பலகை சுருங்கியது. இரண்டு பலகை ஒன்றாயிற்று. இரு பாதங்களும் ஒன்றின் பின் ஒன்றாக அதன்மேல் நின்றன. இன்றைய போட்டிப் பலகை ஐந்தரை அடி நீளமும் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. முன்னதன் காற்பங்கு. மரம் போய்க் கண்ணாடியிழையும், பின்னர் காபன் இழையும் வந்தன.

ஒற்றைப் பலகைக்கு உரிய போட்டியே ஸ்லாலம். நோர்வே மொழிச் சொல் அது. சரிவில் அமைந்த தடம் என்பது பொருள். நீரில் அதன் கணக்கு மிகவும் நுட்பமானது. 259 மீற்றர் நீளமான நேர்வழியிலே படகு மாறா வேகத்தில் ஓடும். வழியின் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீற்றர் தூரத்தில், பக்கம் மாறி மாறி, ஆறு மிதவைகள். ஆடவருக்குரிய உச்ச வேகமான மணிக்கு 58 கிலோமீற்றரில் முழுவழியும் பதினாறு வினாடியில் முடிந்துவிடும்; மிதவைக்கு மிதவை இரண்டரை வினாடி. ஆறையும் சுற்றியவருக்குக் கயிறு குறைக்கப்படும்: 18.25 மீற்றர், 16, 14.25, 13, 12, பின் 11.25. இந்த இடத்தில் கயிறு மிதவையின் தூரத்திலும் குறைந்துவிடுகிறது. கயிற்றை முழுதும் பக்கவாட்டில் நீட்டினாலும் கைப்பிடி மிதவையை எட்டாது. கையையும் உடலையும் நீட்டி, நீரோடு நீராகச் சாய்ந்து, பலகையை மாத்திரம் மிதவைக்கு அப்பால் அனுப்ப வேண்டும். 9.75 மீற்றர் வரை சென்று முயன்றோர் உளர்.

இத்தகைய சோதனையிலே பலகையின் ஒரு மயிரிழைப் பிழையும் வெளிப்பட்டுவிடும். புதிய பலகை வாங்கியவர் முதல்நாளே மிதவைகளுக்குப் போவது அறிவுடைமையன்று. உற்பத்தி செய்தவர் தந்த அளவுகளை மாற்றாமல், நீண்ட கயிற்றிலும் குறைந்த வேகத்திலும் சில நாள் ஓட்டி, பழைய பலகையின் பழக்கம் காலை விட்டு நீங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். பிழை பலகையினதா காலினதா என்று தெரியாமல் திருத்தத் தொடங்குவோரே இக்கலையில் மிகுதியாக ஏமாறுவோர்.

திருத்துவதற்கு உரிய இடங்கள் சில. பலகையின் வாலடியில், மீனின் செட்டைபோல ஓர் உலோகத் தகடு உண்டு. அது நீருள் நிற்பது ஏறத்தாழ இரண்டரை அங்குலம். ஆழம் கூடினால் வால் நீரை இறுகப் பற்றும். குறைந்தால் திருப்பத்தில் வால் வழுகும். அத்தகட்டை முன்னோ பின்னோ நகர்த்தலாம். அதன் நீளத்தையும் மாற்றலாம். மாற்றங்களை அங்குலத்தின் ஆயிரத்திற் சில பங்குகளாக அளவுகருவி கொண்டு அளப்பர். கேட்போருக்கு இது மிகைபோலத் தோன்றும். பலகைமேல் நிற்பவருக்கு ஆயிரத்தில் ஐந்து பங்கும் காலில் உணரப்படும். செட்டையின்மேல் சிறு சிறகு ஒன்றைப் பொருத்திச் சாய்வை மாற்றினால், மிதவையை அணுகும்போது வேகம் அடங்கும். அடுத்தது பாதவுறை. அதனை முன்னே நகர்த்தினால் பலகையின் முனை நீருள் அமிழ்ந்து திருப்பம் கூர்மையாகும். அளவு மீறினால் முனை குத்தி ஆளை முன்னே வீசிவிடும். பின்னே நகர்த்தினால் முனை உயர்ந்து பலகை விரையும், ஆனால் திரும்ப மறுக்கும். வலது காலை முன்வைப்பவருக்கும் இடது காலை முன்வைப்பவருக்கும் ஒரு பக்கத் திருப்பம் எளிதாகவும் மறுபக்கம் அரிதாகவும் இருக்கும். அரிதான பக்கத்தைப் பார்த்துத்தான் திருத்தம் செய்ய வேண்டும். எளிதான பக்கம் எந்தப் பிழையையும் மன்னித்துவிடும். ஒரு வேளையில் ஒரு மாற்றம்; அதே படகு, அதே சாரதி, அதே நீர்; ஒவ்வொன்றும் ஏட்டில் குறிக்கப்பட வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றியவன் எதனால் நன்மை வந்தது என்பதை அறியான்.

அதே நீர் என்பது எளிதிற் கிடைப்பதன்று. கடல்நீர் நன்னீரிலும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. ஏரியில் இசைவாக்கிய பலகை திருக்கோணமலைத் துறையில் சற்று உயர்ந்தே ஓடும். வெம்மையான நீரில் பலகை தாழ்ந்தும் விரைந்தும் ஓடுவதாகச் சறுக்குவோர் கூறுவர். கொட்டியாரக் குடாவிலோ மகாவலியின் நீர் வந்து கலக்கின்றது. மாரி வெள்ளத்தின் பின் அங்குள்ள நீர் கோடையில் இருந்த நீரன்று. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வெளிக்கடல் கொந்தளிக்கும். கச்சான் வீசும் மாதங்களில் நிலத்திலிருந்து வரும் வரண்ட காற்று துறைக்குள்ளும் நெளிவு உண்டாக்கும். இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை நாள்களில், கடற்காற்று எழுவதற்கு முன்னான காலை வேளையே மிகவும் அமைதியானது. வானுக்கு எழ விரும்பிய கற்றலீனா விமானிக்கு வேண்டாத அந்தக் கண்ணாடி நீர் அவ்வேளையில் கிடைக்கும்.

அந்நீரிலும் ஒரு குறை உண்டு. இழுக்கும் படகு எழுப்பிய அலை கரைக்குச் சென்று என்ன ஆகின்றது என்பது சறுக்குவோருக்கு முக்கியமான விடயம். சாய்வான மணற்கரை அலையை விழுங்கிவிடும். செங்குத்தான பாறைக்கரை அதனைத் திருப்பி அனுப்பும். ஒரு முறை ஓடியபின் நெடுநேரம் நீர் அடங்காது. உட்துறையின் பாறைக்கரைகளும், கரையை ஒட்டியே தொடங்கும் ஆழமும், போர்க்கப்பல்களுக்கு எவ்வளவு உகந்தனவோ அவ்வளவு இப்பலகைக்கு ஒவ்வாதன. கட்டுமரங்கள் ஏறி இறங்கிய சாய்ந்த மணற்கரைகளே அதற்கு ஏற்றவை. அக்கரைகளில் இன்று பைபர் படகு என வழங்கும் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்துக் கலங்கள் பலவற்றை வாரிச் சென்றபின், அவற்றின் இடத்துக்கு வந்தவையும் பெரும்பாலும் அவையே. மேலைநாடுகளில் ஸ்லாலம் பலகைகளைச் சோதிப்பதற்கென்றே ஏரிகளை வெட்டுகின்றனர்: அரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம், அலையை விழுங்கும் சாய்கரை, ஆறேழு அடி ஆழம்.